ஊறல் தொட்டியிலிருந்து தொடங்குவோம்: கண்ட்ரோல் வால்வைச் சீராக்கக் கற்பவர்களுக்கு

புதுவயல் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்த கை. முதல் வாரமே முதலாளி கூப்பிட்டு, "தம்பி, ஊறல் தொட்டி ஸ்டீம் வால்வு ஆடிக்கிட்டே இருக்கு. புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுருவோமா?" என்பார். உடனே தலையாட்டிவிடாதீர்கள். "ரெண்டு நாள் பார்த்துட்டுச் சொல்றேண்ணே" என்று சொல்லுங்கள். அந்த இரண்டு நாளில் என்ன பார்ப்பது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் இருபது வருடங்களுக்கு மேல் வால்வுகளைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். 'செத்துப்போச்சு' என்று என்னிடம் கொடுத்தவற்றில் பாதிக்கு மேல் சாகவில்லை. உள்ளே வெல்டிங் துணுக்கு இருக்கும், காற்றுக் குழாயில் தண்ணீர் இருக்கும், இல்லையென்றால் யாரோ கிளாண்டை, அதாவது வால்வுத் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் பகுதியை, முறுக்கித் தள்ளியிருப்பார்கள். அதனால் நான் வைத்திருக்கும் வரிசை இது: குப்பை, காற்று, உராய்வு, அளவு, உள்பாகங்களின் உலோகம், எல்லாம் முடிந்த பிறகு புதிய பொசிஷனர். விற்க வருகிறவர்கள் இதைக் கடைசியிலிருந்து ஆரம்பிப்பார்கள். அது அவர்கள் பிழைப்பு, குறை சொல்வதற்கில்லை.

முதலில் வால்வோடு பழகுங்கள்

புழுங்கலுக்கு நெல் ஊறவைக்கும் தொட்டித் தண்ணீரை ஸ்டீமால் சூடாக்கி 70 டிகிரி அளவில் மூன்று, மூன்றரை மணி நேரம் பிடித்து வைக்க வேண்டும். சூடு குறைந்தால் நெல் ஊறாது, ஏறினால் வாய் பிளந்துவிடும். பழைய ஆலைகளில் இதற்கு ஒரு ஆள் நிற்பார். ஸ்டீம் வால்வின் சக்கரத்தைக் கால் சுற்று திறப்பார், வெப்பமானியைப் பார்ப்பார், மறுபடி மூடுவார், டீக்குப் போவார். டீக்குப் போன நேரத்தில்தான் சூடு ஏறும். அமெரிக்காவில் மார்ஷல்டவுன் என்ற ஊரில் வில்லியம் ஃபிஷர் என்பவர், ஊர் தீப்பிடித்த ஓர் இரவு முழுக்க நீராவிப் பம்புகளைக் கையாலேயே கட்டுப்படுத்தி அலுத்துப்போய், அழுத்தத்தைத் தானே பிடித்து வைக்கும் கவர்னரை 1880இல் செய்தார் என்பார்கள். நம் ஆலைக்காரர் நிற்கும் அதே இடத்தில்தான் அவரும் நின்றிருக்கிறார்.

கண்ட்ரோல் வால்வு அந்த ஆளின் கையைத்தான் பதிலீடு செய்கிறது. கீழே உடல், அதற்குள் சீட், சீட்டின் மேல் ஏறி இறங்கும் பிளக், பிளக்கைப் பிடித்திருக்கும் ஸ்பிண்டில், ஸ்பிண்டிலைச் சுற்றிக் கசியாமல் அடைக்கும் கிளாண்ட் பேக்கிங். மேலே குடை போல இருப்பது ஆக்சுவேட்டர். அதற்குள் ஒரு ரப்பர் டயாபிரமும் சுருள்வில்லும் இருக்கும். காற்று டயாபிரத்தைத் தள்ளும், வில் எதிர்த்துத் தள்ளும். இரண்டும் சமமாகிற இடத்தில் பிளக் நிற்கும். பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெட்டிதான் பொசிஷனர். தொட்டிச் சூட்டைப் பார்த்துக் கட்டளை அனுப்பும் கருவிக்குக் கண்ட்ரோலர் என்று பெயர். அதிலிருந்து 'பாதி திற' என்று கட்டளை வந்தால் உண்மையிலேயே பாதி திறந்ததா என்று பார்த்துக் காற்றைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை.

இதில் நமக்குப் புதிதாக எதுவும் இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டைக் கண்மாய்களில் இன்றும் நிற்கும் குமிழித் தூம்பைப் பாருங்கள். கண்மாயின் உள்ளே கல் தொட்டி, அதன் மேல் பலகையில் ஒரு துளை, துளையை அடைக்கும் கல். கல்லைத் தூக்கினால் தண்ணீர் அடிக்கால்வாய் வழியே கரைக்கு வெளியே போகும். கல்தான் பிளக், துளைதான் சீட். மேலே இருப்பது நீரோடித் துளை, கீழே சிறிதாக இருப்பவை சேறோடித் துளைகள். கட்டியவர்கள் தண்ணீரை யோசித்த அதே நேரத்தில் சேற்றையும் யோசித்திருக்கிறார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அந்த இடத்துக்குத் திரும்பி வருவோம்.

அடுத்து, உடலில் இருக்கும் பெயர்ப்பலகையைத் துடைத்து அளவு, அழுத்த வகுப்பு, வில்லின் காற்று வீச்சு, காற்று நின்றால் என்ன நிலை என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வில்லின் வீச்சு பெரும்பாலும் 0.2 முதல் 1.0 கிலோ என்றிருக்கும் (அழுத்தத்தில் கிலோ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ). காற்று நின்றால் என்ன ஆகும் என்பதை வாயால் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊறல் தொட்டி ஸ்டீம் வால்வு மூடிக்கொள்ள வேண்டும். குளிரூட்டும் தண்ணீர் வால்வு திறந்துகொள்ள வேண்டும். ஆக்சுவேட்டரைக் கழற்றி வில்லை மாற்றித் திருப்பிப் போட்ட ஒரு வால்வு, கம்ப்ரஷர் நின்ற அன்று முழுதாகத் திறந்துகொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

கை வைக்கும் முன்

ஆலை பாய்லர்களில் 7 கிலோ அழுத்தத்தில் ஓடும் ஸ்டீமின் சூடு ஏறக்குறைய 170 டிகிரி. முன்னும் பின்னும் இருக்கும் வால்வுகளை மூடிப் பூட்டுப் போடுங்கள், நடுவில் இருக்கும் வடிகாலைத் திறந்து அழுத்தம் இறங்கியதைக் கண்ணால் பாருங்கள், குழாய் ஆறும்வரை காத்திருங்கள். மூடிய வால்வு உள்ளுக்குள் கசிந்துகொண்டிருக்கலாம். அதனால் வடிகாலை வேலை முடியும்வரை மூடக் கூடாது.

ஆக்சுவேட்டரைப் பிரிப்பதில் இன்னோர் ஆபத்து உண்டு. காற்றே இல்லாவிட்டாலும் உள்ளே வில் அமுங்கிய நிலையில்தான் இருக்கும். குடையின் விளிம்பில் பல போல்ட்டுகளுக்கு நடுவே எதிரெதிரே நீளமான போல்ட்டுகள் இருந்தால் அவற்றைக் கடைசியாக, மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். அவை அதற்காகவே நீளமாக இருக்கின்றன. நீளமானவற்றை முதலில் எடுத்துவிட்டால் மூடி முகத்துக்கு வரும்.

அப்புறம் ஒன்று. ஸ்டீம் லைனில் போடும் எந்த வால்வுக்கும் 1950ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் ஒழுங்குமுறைப்படியான சான்று வேண்டியிருக்கும். மலிவாகக் கிடைத்தது என்று சான்றில்லாததை மாட்டினால் ஆய்வாளர் வரும் நாளில் கழற்ற வேண்டிவரும்.

ஐந்து புள்ளிச் சோதனை

எதையும் பிரிக்காமல் செய்யும் சோதனை இது. எனக்கு மிகவும் பிடித்தது. லைன் மூடியிருக்கும்போது கண்ட்ரோலரைக் கைமுறைக்கு மாற்றி, அது கட்டளையாக அனுப்பும் மின்னோட்டத்தை 4, 8, 12, 16, 20 மில்லி ஆம்பியர் என்று ஏற்றுங்கள். ஒவ்வொன்றிலும் ஸ்பிண்டில் முள் அளவுகோலில் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். 0, 25, 50, 75, 100 சதவீதம் வர வேண்டும். பிறகு அதே படிகளில் இறக்குங்கள். ஏறும்போது 12இல் 47, இறங்கும்போது 12இல் 54 என்று வந்தால், நடுவில் இருக்கும் அந்த 7 சதவீதம்தான் உங்கள் எதிரி. நல்ல பொசிஷனர் உள்ள வால்வில் இந்த வித்தியாசம் 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

தொட்டிச் சூடு ஏறி இறங்கி ஆடுவதற்கு இந்த வித்தியாசம் எப்படிக் காரணமாகிறது என்று பாருங்கள். சூடு குறைகிறது, கண்ட்ரோலர் 'திற' என்கிறது. பிளக் நகரவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ட்ரோலர் விடாமல் கட்டளையைக் கூட்டுகிறது. ஒரு கட்டத்தில் பிளக் பிய்த்துக்கொண்டு தேவைக்கு மேல் தாவுகிறது. இப்போது சூடு அதிகம். இதே கதை மறுபக்கம். நம் பழைய வீட்டுத் தேக்குக் கதவு மழைக்காலத்தில் தள்ளத் தள்ள அசையாமல் இருந்து திடீரென்று சுவரில் போய் மோதுமே, அதே கதைதான்.

ஆட்டம் வால்வு இருக்கும் சுற்றிலிருந்து வருகிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்று சந்தேகமா? வேலை நடக்கும்போதே கண்ட்ரோலரைக் கைமுறையில் போட்டுச் சிறிது நேரம் தொடாமல் இருங்கள். ஆட்டம் நின்றால் வால்வையோ கண்ட்ரோலர் அமைப்பையோ பாருங்கள். நிற்காமல் தொடர்ந்தால் பாய்லர் அழுத்தமே ஆடுகிறது. உமி போடுகிறவரிடம் போய்ப் பேசுங்கள்.

குப்பை

சேறோடித் துளைக்கு வருகிறோம். வால்வுக்கு முன்னால் குப்பையைப் பிடிக்கும் வலை வடிகட்டி, அதாவது ஸ்ட்ரெய்னர், இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் மேம்பாடு அதுதான், செலவும் குறைவு. இருந்தால் வலையைக் கழற்றிப் பாருங்கள். புதிதாகக் குழாய் போட்ட லைனில் வெல்டிங் கசடு, துரு, கேஸ்கெட் துண்டு எல்லாம் வந்து சேரும். ஸ்டீம் லைனில் ஸ்ட்ரெய்னரின் வயிறு பக்கவாட்டில் இருக்கட்டும். கீழே தொங்கினால் தண்ணீர் தேங்கி, ஸ்டீமோடு சேர்ந்து வால்வின் மேல் அறையும். தண்ணீர் லைனில் கீழே தொங்கலாம்.

காற்று

ஆலையில் காற்று என்றால் தவிட்டுத் தூசும் சேர்ந்ததுதான். கம்ப்ரஷர் அதை உறிஞ்சுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். கம்ப்ரஷர் தொட்டியின் அடிவடிகாலைத் தினம் திறக்கிறார்களா என்று கேளுங்கள். 'திறக்கிறோம்' என்பார்கள். நீங்களே போய்த் திறந்து பாருங்கள்.

பொசிஷனருக்குள் காற்று போகும் துளைகள் ஊசிமுனை அளவுதான். ஒரு துளி எண்ணெய், கொஞ்சம் தூசு, அவ்வளவுதான், அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு வால்வுக்கும் தனி ஃபில்டர் ரெகுலேட்டர் வையுங்கள், அதன் கிண்ணத்தை வாரம் ஒருமுறை வடியுங்கள். 0.2 முதல் 1.0 வீச்சுள்ள வில்லுக்கு 1.4 கிலோ சப்ளை வழக்கம். ஃபிட்டிங் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். முடிந்தால் ஒரு ஏர் டிரையர் வாங்கச் சொல்லுங்கள். புதிய வால்வுக்கு ஒதுக்கிய பணத்தை அதில் போட்டால் ஆலையில் இருக்கும் எல்லா வால்வுக்கும் ஆயுள் கூடும்.

டயாபிரம் நைட்ரைல் ரப்பராக இருந்தால் ஏறக்குறைய 80 டிகிரிக்கு மேல் அதற்கு ஆகாது. தகரக் கூரை, சித்திரை வெயில், கீழே 170 டிகிரி ஸ்டீம். குழாய்க்குக் காப்பு சுற்றுங்கள், ஆனால் ஆக்சுவேட்டரை மட்டும் சுற்றிக் கட்டிவிடாதீர்கள்.

உராய்வு, அதாவது கிளாண்ட்

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஓர் ஆலையில் கிளாண்ட் வழியாக ஸ்டீம் லேசாகச் சீறிக்கொண்டிருந்தது. ஸ்பேனரைப் போட்டு இரண்டு நட்டையும் நன்றாக இறுக்கினேன், சீறல் நின்றது. பெருமையோடு சாப்பிடப் போனேன். ஸ்பிண்டில் அசையாமல் பிடித்துக்கொண்டது. தொட்டி 82 டிகிரியைத் தொட்டது. நெல்லெல்லாம் வெடித்துப் பொரி போல ஆகிவிட்டது. முதலாளி திட்டவில்லை, அந்த நெல்லை என்னையே அள்ளச் சொன்னார்.

கிளாண்ட் நட்டை இரண்டு பக்கமும் சமமாக, ஆறில் ஒரு சுற்று வீதம் இறுக்கி, ஒவ்வொரு முறையும் வால்வை முழுதாகத் திறந்து மூடிப் பாருங்கள். பேக்கிங் மாற்றும்போது ஸ்பிண்டிலை நகத்தால் நீளவாட்டில் தடவுங்கள். நகத்தில் கோடு தட்டினால் புதிய பேக்கிங் ஒரு மாதம்கூடத் தாங்காது, முதலில் ஸ்பிண்டிலை மாற்ற வேண்டும்.

'நல்ல சரக்கு' என்று கிராஃபைட் பேக்கிங்கைத் தலையில் கட்டுவார்கள். அது அதிகச் சூட்டுக்கான பொருள், ஸ்பிண்டிலையும் கூடுதலாகப் பிடிக்கும். 170 டிகிரி ஸ்டீமுக்கு டெஃப்ளான் வி வடிவ வளையங்கள் தாராளமாகப் போதும். சூடு 230 டிகிரியைத் தாண்டினால்தான் கிராஃபைட்டை யோசிக்க வேண்டும். கிளாண்ட் நட்டுக்குக் கீழே தட்டு வில்கள் அடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. பேக்கிங் தேயத் தேய வில்லே அதை அழுத்திக்கொள்ளும், நீங்கள் ஸ்பேனரோடு ஓடவேண்டியதில்லை. இதை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன்.

அளவு: வட்டிக்கு வட்டிக் கணக்கு

குழாய் இரண்டு அங்குலம், ஆகவே வால்வும் இரண்டு அங்குலம். பல இடங்களில் நடக்கும் தவறு இதுதான். வால்வின் திறனுக்கு கேவி என்று ஓர் எண் உண்டு. இரு பக்க அழுத்த வேறுபாடு 1 பார் இருக்கும்போது மணிக்கு எத்தனை கனமீட்டர் தண்ணீர் போகும் என்பதே அது. வேறுபாடு 4 பார் ஆனால் நான்கு மடங்கு போகாது, இரண்டு மடங்குதான் போகும். வர்க்கமூலக் கணக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தண்ணீர் லைனில் 50 மில்லிமீட்டர் வால்வு, கேவி 40. வழக்கமான தேவை மணிக்கு 4 கனமீட்டர், உச்சத்தில் 8. வேறுபாடு மாறாமல் 1 பார். தேவை 4, திறன் 40. நேர்விகித பிளக் என்றால் வால்வு 10 சதவீதத் திறப்பில், உச்சத்தில் 20 சதவீதத் திறப்பில் நிற்கும். அதாவது பிளக் எப்போதும் சீட்டை உரசிக்கொண்டே வாழ்கிறது. சிறிது நகர்ந்தாலும் ஓட்டம் எகிறும். ஸ்டீமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த ஒடுக்கமான இடைவெளியில் ஈர ஸ்டீம் சீறிப் பாய்ந்து, சீட்டில் கம்பி இழுத்த மாதிரி கோடு கோடாய் அறுத்துவிடும். பிறகு வால்வு எவ்வளவு மூடினாலும் கசியும்.

பிளக்கில் இன்னொரு வகை, சமசதவீத பிளக். செட்டிநாட்டில் இதை விளக்குவது சுலபம், வட்டிக்கு வட்டிதான். நேர்விகிதம் தனி வட்டி மாதிரி, ஒவ்வொரு படிக்கும் ஒரே அளவு கூடும். சமசதவீதத்தில் இருப்பதன் மேல் கூடும். பிளக் கட்டுப்படுத்தக்கூடிய அதிகபட்ச ஓட்டத்துக்கும் குறைந்தபட்ச ஓட்டத்துக்கும் உள்ள விகிதம் ஐம்பதுக்கு ஒன்று என்றால், ஒவ்வொரு 10 சதவீதத் திறப்புக்கும் ஓட்டம் முந்தையதைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும். அதே வால்வில் இந்த பிளக்கைப் போட்டால் 4 கனமீட்டருக்கு 41 சதவீதமும், 8க்கு 59 சதவீதமும் திறந்திருக்கும். பரவாயில்லை. இன்னும் ஒரு படி போகலாம். உடலை அப்படியே வைத்துக்கொண்டு சீட்டையும் பிளக்கையும் மட்டும் சிறிய திறனுக்கு, கேவி 16க்கு மாற்றினால் 65 சதவீதமும் 82 சதவீதமும் வரும். வழக்கமான ஓட்டம் அறுபது எழுபதில், உச்சம் எண்பதை ஒட்டி. நான் தேடுவது இந்த இடத்தைத்தான். குழாயை வெட்டவில்லை, ஃபிளாஞ்சைத் தொடவில்லை.

முதலாளிக்கு நீங்கள் சொல்லப்போகும் பதில் பெரும்பாலும் இந்தப் பத்தியில்தான் இருக்கும்.

ஆக்சுவேட்டரின் பலத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 50 மில்லிமீட்டர் சீட்டின் பரப்பு 19.6 சதுர சென்டிமீட்டர். 10 கிலோ அழுத்த வேறுபாட்டை எதிர்த்து மூட 196 கிலோ விசை வேண்டும். 100 மில்லிமீட்டர் சீட் என்றால் அதுவே 785 கிலோ. பெரிய வால்வுகளில் பிளக்கில் துளை போட்டு மேலும் கீழும் ஒரே அழுத்தம் இருக்கும்படி செய்வது இதனால்தான். ஆக்சுவேட்டர் சிறியதாகவே போதும். ஆனால் அந்தத் துளைகளும், பிளக்கைச் சுற்றிக் கசிவை அடைக்கும் வளையமும் குப்பைக்குப் பயப்படும்.

உலோகம்

சீட்டில் லேசான கோடு என்றால் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, நீல மை தடவி, வளையம் முழுதும் பதிகிறதா என்று பார்த்தால் போதும். ஆழமான வெட்டு என்றால் ஸ்டெல்லைட் என்ற கடினமான உலோகக் கலவை பூசிய சீட்டும் பிளக்கும் வாங்குங்கள். அதற்கு முன்பு, ஸ்டீம் வரும் பக்கத்தில் வால்வுக்கு முன்னால், ஸ்டீமிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டரும் அந்தத் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் டிராப்பும் இருக்கட்டும், இல்லையென்றால் ஸ்டெல்லைட்டும் அறுபடும்.

தண்ணீர் லைனில் கூழாங்கல் உருள்வது போலச் சத்தம் கேட்டால் காவிட்டேஷன். ஒடுக்கத்தில் அழுத்தம் நீரின் ஆவி அழுத்தத்துக்குக் கீழே போய்க் குமிழி உண்டாகிறது. தாண்டியதும் அழுத்தம் மீள, குமிழி உடைந்து உலோகத்தைக் கொத்துகிறது. அழுத்தம் மீளாமல் ஆவியாகவே ஓடினால் அது ஃபிளாஷிங். பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். முதலாவது கரையான் அரித்த மரம் போல இருக்கும், இரண்டாவது வழவழவென்று தேய்ந்திருக்கும். காவிட்டேஷனுக்கு அழுத்தத்தைப் பல படிகளில் இறக்கும் உள்பாகம் மருந்து. ஃபிளாஷிங்கை அப்படி நிறுத்த முடியாது, கடினமான உலோகத்தைப் போட்டுத் தாங்கவைப்பதுதான் வழி. அரிசி ஆலையில் இவை அபூர்வம், ரசாயன ஆலைக்குப் போகிறவர்களுக்கு உதவும்.

பொசிஷனர்

இவ்வளவும் செய்த பிறகு ஸ்மார்ட் பொசிஷனர் வாங்கலாம். தானே அளவு பிடித்துக்கொள்ளும், எத்தனை முறை ஏறி இறங்கியது என்று கணக்கு வைக்கும், உராய்வு கூடினால் எச்சரிக்கும். ஹார்ட் (HART) என்ற தகவல் பரிமாற்ற முறை கொண்ட வகையாக இருந்தால் இந்தச் செய்தியெல்லாம் அதே 4–20 மில்லி ஆம்பியர் கம்பியிலேயே வரும். இறுகிய கிளாண்டோடு இருக்கும் வால்வில் இதை மாட்டினால், வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அழகான திரையில் காட்டும். அதற்கு உங்கள் நோட்டே போதுமே.

திரும்ப ஓடவிடும்போது

குளிர்ந்த லைனில் ஸ்டீமைத் திடீரென்று திறக்காதீர்கள். தேங்கிய தண்ணீரை ஸ்டீம் தூக்கிக்கொண்டு போய் அடிக்கும் அடியில் ஃபிளாஞ்சே பிளக்கலாம். வடிகாலைத் திறந்து வைத்து, ஸ்டீம் வரும் பக்கத்து வால்வைக் கால் சுற்று மட்டும் திறந்து, தண்ணீர் நின்று ஸ்டீம் மட்டும் வரும்வரை காத்திருங்கள். பிறகு வடிகாலை மூடி, அந்த வால்வை மெதுவாக முழுதும் திறங்கள். லைன் சூடேறியதும் கிளாண்டை ஒருமுறை பாருங்கள், புதிய பேக்கிங் சூட்டில் அமர்ந்து லேசாகத் தளரும். கண்ட்ரோலரைக் கைமுறையிலேயே வைத்துத் தொட்டியை 70க்குக் கொண்டுவந்து, முள் நிலையாக நின்ற பிறகு தானியங்கிக்கு மாற்றுங்கள். ஐந்து புள்ளிச் சோதனையின் புதிய எண்களைப் பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அன்று ஒரு தொட்டி நெல் முழுசாக ஊறி இறங்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். டீயை அங்கேயே கொண்டுவரச் சொல்லிவிடலாம்.